2024-25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவுல செயலாளர் வாசிச்சது

தலைவர் டாக்டரம்மாவுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், ஞாயித்துக்கிழமை வீட்டு வேலைய விட்டுட்டு வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வர்றவங்களுக்கு பரிசோதனை, சிகிச்சை, துணைன்னு கூட நிக்கிற நம்ம சங்கத்துப் பதிவேட்டுல நாம 58 பேர். இப்போ இந்த ஹால்ல 21 பேர் இருக்கோம். பத்து மணின்னு நோட்டீஸ் அனுப்பி, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேரட்டும்னு பதினொன்னேகால் வரைக்கும் காத்திருந்து ஆரம்பிக்கிறோம், அதையும் மினிட்ஸ்ல எழுதச் சொல்லியிருக்கேன்.

செயற்குழு 7 தடவை கூடுச்சு. மகளிர் தினம் கொண்டாடினோம். ரெண்டு காலேஜ்லயும் ஒரு மேல்நிலைப் பள்ளியிலயும் பெண்கள் உதவிக்கான 181, குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பர் பத்தி பேசிட்டு வந்தோம். பதிவு அலுவலகத்துக்கு வருஷக் கணக்கு தாக்கல் பண்ணியாச்சு. ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி நமக்கு குடுத்த ரெண்டு ரூமுக்கும் வெள்ளையடிச்சு, பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் புதுசா போட்டோம்.

எத்தனை கேஸ் வந்துச்சுன்னு ஏன் அறிக்கையில போடறதில்லைன்னு இந்த வருஷமும் கேட்டீங்க. நம்ம ஊரு சின்ன ஊரு. இந்த மாசத்துல ஒருத்தங்க, வயசு இத்தனைன்னு எழுதினா போதும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பேரையே சொல்லிருவாங்க. அடையாளம் தெரியற மாதிரி எதை வெளியிட்டாலும் பி.என்.எஸ்.ங்கிற புது தண்டனைச் சட்டத்தோட 72ஆவது பிரிவுப்படி குற்றம், குழந்தைன்னா குழந்தைகளை பாலியல் குற்றத்துலருந்து காக்கற போக்சோ சட்டத்தோட 23. அதனால எண்ணிக்கை தலைவர்கிட்டயும் எங்கிட்டயும் மட்டும் இருக்கு, அப்படியே இருக்கட்டும்.

2024 ஜூலை 1 அன்னைக்கு மூணு புதுக் குற்றவியல் சட்டமும் நடைமுறைக்கு வந்துச்சு. நாம இத்தனை வருஷமா மனப்பாடமா வச்சிருந்த பிரிவு நம்பரெல்லாம் மாறிப்போச்சு. பாதிக்கப்பட்டவங்களோட மருத்துவப் பரிசோதனைக்கான 164ஏ இப்போ பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 184, இலவச சிகிச்சைக்கான 357சி இப்போ 397, சிகிச்சை தரமாட்டேன்னு திருப்பி அனுப்பினா தண்டனைங்கிற 166பி இப்போ பி.என்.எஸ். 200. ஜூன் மாசமே டீம்ல இருக்கிற 2 டாக்டர், 5 நர்ஸ், மனசுக்கு ஆலோசனை சொல்ற 2 கவுன்சிலர் எல்லாரையும் உக்கார வச்சு பழைய ஃபார்ம் அத்தனையும் கிழிச்சுப் போட்டு புதுசா அடிச்சோம். டாக்டர் ரிப்போர்ட்ட 7 நாளுக்குள்ள விசாரணை அதிகாரிக்கு அனுப்பணும்னு இப்போ சட்டத்துலயே இருக்கு. முன்னாடி தாமதமில்லாமன்னு மட்டும்தான் இருந்துச்சு, அந்த தாமதமில்லாம எத்தனை வாரமா நீளும்னு நமக்கெல்லாம் தெரியும்.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது. துணி அலமாரி. இதைப் பத்தி குரூப்ல நிறைய பேர் நிறைய எழுதிட்டீங்க, நான் பதில் எழுதல, பொதுக்குழுவுல சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன்.

பரிசோதனைக்கு வர்றவங்க சம்பவத்தப்போ போட்டிருந்த துணியோடயே வந்தா அத்தனையும் சாட்சியம். தரையில வெள்ளைத் தாள் விரிச்சு, அது மேல நிக்க வச்சு, ஒவ்வொண்ணா கழட்டச் சொல்வோம், மண்ணு, புல்லு, முடி எது உதிர்ந்தாலும் அந்தத் தாளோடயே மடிச்சு சீல் வைப்போம். இதெல்லாம் சரியாத்தான் பண்ணோம், 2014ல மத்திய சுகாதாரத் துறை போட்ட வழிகாட்டுதல்ல இருக்கிறபடி. ஆனா அதுக்கப்புறம் அவங்க எதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போவாங்கன்னு 32 வருஷம் நர்ஸா இருந்த நான் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல. எந்த வருஷம், எந்த மாசம்னு சொல்ல மாட்டேன், ராத்திரி ரெண்டரை மணி இருக்கும். எல்லாம் முடிஞ்சு ஒருத்தங்கள ஆட்டோ வரைக்கும் கொண்டு விட்டேன். பச்சை கவுன் போட்டிருந்தாங்க, ஆபரேஷன் தியேட்டர் கவுன், முதுகுப் பக்கம் நாடா. ஒரு நாடா அறுந்து போயிருந்துச்சு. ஒரு கையால மாத்திரை கவரையும் இன்னொரு கையால முதுகுல அந்தத் துணிய சேர்த்துப் பிடிச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏறினாங்க, ஏறும்போது எந்தக் கைய எடுத்து கம்பியப் பிடிக்கறதுன்னு ஒரு நிமிஷம் அப்படியே நின்னாங்க. காலையில அதே கவுனோட தெருவுல போய் இறங்கியிருப்பாங்க. நாங்க எல்லாம் சரியா பண்ணிட்டோம்னு கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போனோம்.

அதுக்கப்புறம்தான் அலமாரி வேணும்னு கேட்டேன். நீங்களும் தாராளமாத்தான் குடுத்தீங்க, ரெண்டு மூட்டை வந்துச்சு, பழைய சேலை, சாயம் போன சுடிதார், ஜிப் போன பாவாடை. அத்தனையும் திருப்பி அனுப்பினேன்னு கோவம் உங்களுக்கு, ஒரு அக்கா இன்னும் என்கூட பேசறதில்ல. அக்கா, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா அந்த ராத்திரி யாரோட பழசோ உடம்புல படறதை அவங்களால தாங்க முடியாது, கவுன்சிலர் சொல்லி இல்ல, நானே கண்ணால பார்த்திருக்கேன். அதனால புதுசுதான் வாங்கினேன், செயற்குழு ஒப்புதலுக்கு முன்னாடியே வாங்கினது தப்புன்னா அதை நான் ஏத்துக்கறேன். காட்டன் நைட்டி, மேல போட்டுக்க துண்டு, எம் சைஸ்லருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும் சுடிதார் செட், உள்ளாடை, நாப்கின், ரப்பர் செருப்பு, பெண் குழந்தைகளுக்கு ஃபிராக், பையன்களுக்கு டவுசர் சட்டை. பையன்களும் வர்றாங்க, அதையும் இங்க சொல்லிக்கறேன், போக்சோவுல ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. சேலை மட்டுமே கட்டுற வயசானவங்களுக்கு ஜாக்கெட் அளவு எப்படி பண்றதுன்னு ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டு கடைசியில நம்ம டெய்லர் தம்பி மூணு அளவுல, முன்பக்கம் ஊக்கு வச்சு, லூசா தச்சுக் குடுத்தார், தையல் கூலி வாங்கல.

முதல் தடவை அந்தச் சேலைய எடுத்துக் குடுத்தப்போ ஒரு பாட்டிம்மா முந்தானைய விரலால தேய்ச்சுப் பார்த்தாங்க. ‘இது எனக்கா தாயி, திருப்பித் தரணுமா’ன்னு கேட்டாங்க. உங்களுக்குத்தான்னேன். கண்ணாடி கேட்டாங்க. ரூம்ல கண்ணாடி இல்ல. மறுநாளே வாங்கி மாட்டினேன், அந்த செலவும் கணக்குல இருக்கு.

அடுத்தது, போலீஸ் விஷயம். 18 வயசு தாண்டின ஒருத்தங்க கேஸ் வேண்டாம்னு போனதுக்கு நான்தான் மனச கலைச்சேன்னு ஒரு பேச்சு ஓடுச்சு. எல்லாருக்கும் தெரியட்டும்னு சொல்றேன். போலீசுக்கு தகவல் சொல்றது ஆஸ்பத்திரியோட கடமை, அன்னைக்கே சொன்னோம், ரிஜிஸ்டர்ல நேரத்தோட இருக்கு. வாக்குமூலம் குடுக்கறதா, பரிசோதனைக்கு சம்மதிக்கறதா, எது வரைக்கும் சம்மதிக்கறதாங்கிறது அவங்க முடிவு. வேண்டாம்னு சொன்னா அதை விளக்கிச் சொல்லி, அவங்க மறுத்ததா எழுதி கையெழுத்து வாங்கி வைக்கணும். சிகிச்சைக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் சம்பந்தமே கிடையாது. 18 வயசுக்கு கீழன்னா போக்சோ 19ஆவது பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆகணும், அதுல எங்களுக்கு வேற வழியே கிடையாது. ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு குரூப்ல எழுதாதீங்க, முதல்ல என்னைக் கேளுங்க.

நம்ம பக்கம் நடந்த தப்பையும் மறைக்காம சொல்லிடறேன். மழை நாள் ஒண்ணுல ஈரத்துணிய நிழல்ல காய வைக்காம பிளாஸ்டிக் கவர்ல போட்டுட்டாங்க நம்ம டீம்ல. பேப்பர் கவர் தீர்ந்து போயிருந்துச்சு, டியூட்டியில இருந்தது புது ஆள், ரெண்டாவது ஆளா வர வேண்டியவங்க வரல. காலையில நான் போய்ப் பார்த்தப்போ உள்ள வேர்த்துப் போயிருந்துச்சு, துணி பூஞ்சை பிடிச்சா அதுல எடுக்க வேண்டியது கெட்டுப் போகும். எடுத்துக் காய வச்சு, நடந்ததை நடந்தபடி எழுதி வச்சோம். அந்தப் பிள்ளைய திட்டினவங்க இங்க இருக்கீங்க. அன்னைக்கு அவளோட ரோஸ்டர்ல பேரு போட்டுட்டு வராம இருந்தவங்களும் இருக்கீங்க, பேரு சொல்லல.

டாக்டர்கள்ட்ட நான் கண்டிப்பா இருக்கேன்னும் சொல்றாங்க. இருக்கேன். பிறப்புறுப்புல விரல் விட்டுப் பார்த்து உடலுறவுப் பழக்கம் உண்டான்னு எழுதற ரெண்டு விரல் சோதனை கூடாதுன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, 2022 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட் மதுரை கிளை உடனே நிறுத்தச் சொல்லுச்சு, அதே வருஷம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும், இதைச் செய்யறவங்க தொழில் ஒழுங்கை மீறின குற்றத்துக்கு ஆளாவாங்கன்னே சொல்லுச்சு. அதுக்கப்புறமும் வெளியிலருந்து வர்ற ரிப்போர்ட் சிலதுல ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கு. நம்ம ஃபார்ம்ல அந்தக் கட்டமே கிடையாது. காயம் இல்லைன்னா சம்மதம்னு அர்த்தம் இல்லைங்கிறதையும் ஃபார்ம் மேலயே அடிச்சு வச்சிருக்கேன்.

மாத்திரை விஷயத்துல இந்த வருஷம் நல்லா பண்ணோம்னு தைரியமா சொல்வேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் விடாம போடணும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆரம்பிச்சு விடறது பெரிசு இல்ல, குமட்டலாலயும் வீட்டுல யாரும் பார்த்துருவாங்கங்கிற பயத்தாலயும் பத்தாவது நாள்லயே நிறுத்திருவாங்க. போன் பண்ணலாம்னா போன் அவங்க கையில இருக்காது. அதனால போறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறோம், நான் எந்தப் பேருல பேசட்டும், வேற யாரு எடுத்தா என்ன சொல்லட்டும்னு. ஒருத்தங்களுக்கு நான் தையல் கிளாஸ் டீச்சர், இன்னொருத்தங்களுக்கு சீட்டுக்காரம்மா. ‘இந்த வாரம் கிளாஸுக்கு வர்றியாம்மா’ன்னு கேப்பேன், ‘வர்றேன் டீச்சர், நேத்தும் தச்சேன்’னு பதில் வந்தா மாத்திரை போட்டாச்சுன்னு அர்த்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீம் மட்டும் உக்காந்து பேசற கூட்டம் எதுக்கு, சுண்டலுக்கும் டீக்கும் செலவுன்னு கேட்டாங்க. ராத்திரி ஒரு குழந்தையோட கேஸ் பார்த்துட்டு, காலையில தன் பிள்ளைக்கு தலை வாரும்போது கை நடுங்குச்சுன்னு ஒரு நர்ஸ் அந்தக் கூட்டத்துலதான் சொன்னா. வீட்டுல சொல்ல முடியாது, அடையாளம் வெளிய போயிரும். போன வருஷம் ரெண்டு பேர் விலகிட்டாங்க, சம்பளம் கம்மின்னு போகல. அப்போ இந்தக் கூட்டம் இல்ல. இந்த வருஷம் யாரும் போகல. சுண்டல் செலவு தொடரும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ரோஸ்டருக்கு வர்றேன். துணைக்கு உக்கார டாக்டரா இருக்க வேண்டியதில்ல, பயிற்சி எடுத்த உறுப்பினர் யார் வேணும்னாலும் இருக்கலாம். பயிற்சி எடுத்தவங்க 26 பேர். வருஷத்துல 52 ஞாயிறு, ஆளுக்கு ரெண்டு. 30 ஞாயிறுக்கு மேல நானும் டாக்டரம்மாவும்தான் இருந்திருக்கோம், அவங்களுக்கு மூட்டு வலி, எனக்கு சுகர். கல்யாணம், காதுகுத்து, பிள்ளை பரீட்சை எல்லாம் நியாயம்தான், ஆனா வர முடியலைன்னா மதியமே சொல்லுங்க, ராத்திரி பத்து மணிக்கு போன ஆஃப் பண்ணாதீங்க.

சந்தா கட்டினது 29 பேர். மாசம் நூறு ரூபா. பாக்கி லிஸ்ட வாசலுக்குப் பக்கத்துல மேஜையில வச்சிருக்கேன், மடிச்சுத்தான் வச்சிருக்கேன்.

கணக்கு விவரம் பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பார். சுருக்கமா சொன்னா வரவும் செலவும் கிட்டத்தட்ட சமமா வந்துச்சு, துணி வகையில கொஞ்சம் கூடிருச்சு, அதை நன்கொடையில சரிக்கட்டியாச்சு. பில் எல்லாம் ஃபைல்ல இருக்கு.

ரூம் குடுத்த ட்ரஸ்ட்டுக்கும், இலவசமா கோர்ட்டுக்கு கூட வர்ற வக்கீல் மேடத்துக்கும், நடுராத்திரி கூப்பிட்டாலும் ஹாரன் அடிக்காம வந்து நிக்கிற ஆட்டோ தம்பிகளுக்கும், டெய்லர் தம்பிக்கும், கேட்காமலே வாசல் லைட்ட அணைச்சு விடற வாட்ச்மேன் தாத்தாவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் இந்தப் பொறுப்புல இருக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இருந்தாலும் இல்லாட்டியும் சொல்றேன், அலமாரியில டபுள் எக்ஸ்எல் சுடிதார் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, பையன் டவுசர் எட்டு வயசு அளவுல ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயிறு ராத்திரிக்கு என் பேரு போட்டிருக்கேன், பக்கத்துக் கட்டம் காலியா இருக்கு. ரோஸ்டர் நோட்டும் பேனாவும் அந்த மேஜையிலயேதான் இருக்கு, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பாருங்க.