அழைப்பு சர்வரில் திருத்தப்படாத நினைவகப் பிழைகள்: புகார்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவை மற்றும் பாதுகாப்புப் பிரிவு

பொருள்: உங்கள் அழைப்பு சர்வரில் உள்ள பழைய பிஜேசிப் லைப்ரரிக்கு (ஆயத்த நிரல் தொகுப்புக்கு) பேட்ச் (திருத்தம்) தர மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தொலைபேசி அழைப்புகளை இணைத்துப் பதிவு செய்யும் உங்கள் நிறுவனத்தின் அழைப்பு சர்வரைச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறோம். அதிலுள்ள பாதுகாப்புக் குறை பற்றி நான் பதிவு செய்த டிக்கெட்டை, "பிழை எங்கள் நிரலில் இல்லை, திறமூல லைப்ரரியில் இருக்கிறது" என்ற ஒரே வரியில் உங்கள் உதவிப் பிரிவு முடித்துவிட்டது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

குறை என்ன என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது. டிக்கெட்டைப் பார்த்தவருக்குத்தான் தெரியவில்லை போலும். சர்வரின் உரிமங்கள் பக்கத்தில் பிஜேசிப் 2.10 என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். சி மொழியில் எழுதப்பட்ட அந்தத் தகவல்தொடர்பு லைப்ரரியில் ஐந்து நினைவகப் பிழைகள் இருப்பதை ஜேஃப்ராக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022 மார்ச்சில் வெளியிட்டார்கள். பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலான சிவிஇ-யில் அவற்றின் எண்கள் சிவிஇ-2021-43299 முதல் 43303 வரை. ஐந்தில் மூன்று ஒரே வகை. ஒலிக்கோப்பை ஒலிக்கச் செய்யும்போதோ, அழைப்பைப் பதிவு செய்யும்போதோ, கோப்புகளை வரிசைப்படுத்தி ஒலிக்கவிடும்போதோ, கோப்பின் பெயரை லைப்ரரி ஒரு நிலையான அளவுள்ள பஃபருக்குள் (தற்காலிக நினைவக இடத்துக்குள்) நகலெடுக்கிறது. பெயர் அதற்குள் அடங்குமா என்று பார்ப்பதே இல்லை. வழிந்த எழுத்துகள் ஸ்டேக்கில் (நிரல் ஓடும்போது தற்காலிகத் தகவல்களை வைக்கும் நினைவகப் பகுதியில்) பக்கத்தில் இருப்பவற்றின் மேல் எழுதப்படுகின்றன. வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அந்த ஸ்டேக்கில்தான் இருக்கிறது. அளந்து பெயர் வைக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் சர்வரில் தன் நிரலையே ஓட்டிவிட முடியும்.

இதற்கு உங்களிடமிருந்து வந்த அடுத்த பதில், கோப்புப் பெயரை சர்வரே வைக்கிறது, வெளியாள் அதில் தலையிட வழியில்லை என்பது. தயவுசெய்து உங்கள் சொந்தப் பொருளை ஒருமுறை திறந்து பாருங்கள். பதிவுக் கோப்புகள் சேரும் கோப்புறையில் ஒவ்வொரு பெயரும் அழைத்தவரின் பெயரில்தான் தொடங்குகிறது. அதன் பிறகுதான் தேதியும் நேரமும். அழைத்தவரின் பெயர் எங்கிருந்து வருகிறது? அழைப்பின் தலைப்பிலிருந்து, அதாவது அழைப்பவரின் போனிலிருந்து. அந்தப் பெட்டியில் அவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உற்பத்தியில் இல்லாத ஒரு சோதனை சர்வருக்கு, முந்நூறு எழுத்துப் பெயர் வைத்த ஒரு மென்பொருள் போனிலிருந்து அழைத்துப் பார்த்தோம். மணி அடித்தது, எடுத்தோம், பதிவு தொடங்க வேண்டிய நொடியில் சேவை விழுந்தது. அப்போது பேசிக்கொண்டிருந்த மற்ற சோதனை அழைப்புகளும் சேர்ந்து அறுந்தன. கடவுச்சொல் எதுவும் கேட்கப்படவில்லை. லாக் கோப்பை டிக்கெட்டிலேயே இணைத்திருந்தேன். அதை யாரும் திறந்த தடயம் இல்லை.

மூன்றாவது பதில், ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்தால் போதும் என்பது. அழைப்பு சர்வரின் வேலையே வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடுவது. மேலே சொன்ன பெயரும் அழைப்போடு அழைப்பாகத்தான் வருகிறது. ஃபயர்வால் அதை எப்படி மடக்கும்? இதே லைப்ரரியில், போனின் வெளி நெட்வொர்க் முகவரியைக் கண்டறிய உதவும் ஸ்டன் பகுதியில் வேறொரு பிழை உண்டு, சிவிஇ-2021-37706. வரும் செய்தியில் குறிப்பிட்டிருக்கும் நீளத்தைச் சரிபார்க்காமலேயே கழித்தல் செய்வதால், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பெரும் எண்ணாகத் திரும்புகிறது. 2.11.1 வரையிலான பதிப்புகளில் அது இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஒருவர், யுடிபி என்ற நெட்வொர்க் முறையில் ஜோடித்த செய்தி ஒன்றை அனுப்பியே இதைப் பயன்படுத்தலாம் என்கிறது லைப்ரரியின் அறிவிப்பு. உள்ளே இருப்பவரிடமிருந்து ஃபயர்வால் யாரைக் காப்பாற்றும்?

இதே லைப்ரரியைத் தங்கள் மென்பொருளோடு சேர்த்து வழங்கும் ஆஸ்டரிஸ்க் என்ற திறமூல அழைப்பு மென்பொருள் திட்டத்தினர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இந்த ஸ்டன் பிழையையும் திருத்தி 2022 மார்ச்சில் 16.24.1, 18.10.1, 19.2.1 ஆகிய பதிப்புகளை வெளியிட்டார்கள். அவர்களிடம் யாரும் சந்தா கட்டுவதில்லை. உங்களிடம் கட்டுகிறோம்.

முந்தைய ஐந்து பிழைகளும் பிஜேசிப் 2.12-இல் திருத்தப்பட்டுவிட்டன. அதை இணைத்து, சோதித்து, எங்களுக்கு அனுப்புவது மட்டுமே உங்கள் வேலை. நாங்களே மாற்றிக்கொள்ளவும் முடியாது; உங்கள் மின்கையொப்பம் இல்லாத எதையும் சர்வர் ஏற்காது. பூட்டும் உங்களுடையது, சாவியும் உங்களிடம், ஆனால் கதவு மட்டும் வேறொருவருடையது என்கிறீர்கள். கூடவே, பிரீமியம் திட்டத்துக்கு மாறினால் புதிய பதிப்பு கிடைக்கும் என்று உங்கள் விற்பனைப் பிரிவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். பாதுகாப்புப் பிழைக்கான திருத்தத்தைக் கூடுதல் விலைக்கு விற்பதை நான் வேறு எந்தப் பெயராலும் அழைக்க விரும்பவில்லை. அதைப் படித்தபோது வந்த கோபத்தைக் கடிதத்தில் அடக்கியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிஜேசிப் இரண்டு வகையில் கிடைக்கிறது: ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் கீழ், அல்லது பணம் கட்டிப் பெறும் வணிக உரிமத்தின் கீழ். நீங்கள் எடுத்தது எது? ஜிபிஎல் என்றால், அதோடு சேர்ந்த மூல நிரலைக் கேட்கும் உரிமை உங்களிடமிருந்து சர்வரைப் பெற்ற எங்களுக்கு இருக்கிறது. இக்கடிதத்தையே அந்தக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வணிக உரிமம் என்றால், அந்த லைப்ரரியைக் காசு கொடுத்து வாங்கி உங்கள் பொருளில் வைத்து விற்றிருக்கிறீர்கள். "எங்கள் நிரல் இல்லை" என்ற வாதம் அதோடு போயிற்று.

எனவே, தற்போதைய சந்தாவுக்கு உள்ளேயே, 2.12 அல்லது அதற்குப் பிந்தைய பிஜேசிப்பைக் கொண்ட ஃபார்ம்வேரை (சர்வரின் உள்மென்பொருளை) அனுப்புங்கள். எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் தாருங்கள். அது வரும் வரை, அழைத்தவரின் பெயரைக் கோப்புப் பெயரில் சேர்க்காமல் தடுக்க ஓர் அமைப்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், நாங்கள் பதிவு வசதியை நிறுத்திவைத்துக்கொள்கிறோம். நிறுத்தி வைக்கும் காலத்துக்கான கட்டணத்தைச் சந்தாவில் கழிக்க வேண்டும். சர்வரில் இருக்கும் மற்ற திறமூல லைப்ரரிகளின் பெயரும் பதிப்பு எண்ணும் கொண்ட முழுப் பட்டியலும் வேண்டும். உங்கள் பிற வாடிக்கையாளர்களுக்கும் இதை அறிவியுங்கள். அவர்களில் பலர் உரிமங்கள் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பதில் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வரட்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அந்த அழைப்பும் உங்கள் சர்வர் வழியாகத்தான் வரும்.

இப்படிக்கு,
அழைப்பு சர்வர் சந்தாதாரரின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்

இணைப்பு: சோதனையின் லாக் கோப்பு, உரிமங்கள் பக்கத்தின் படம், விற்பனைப் பிரிவின் மின்னஞ்சல்