எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

ஆசிரியருக்கு,

சாலை, குடிநீர் என்றால் எம்.எல்.ஏ.க்கள் கையோடு பதில் வைத்திருக்கிறார்கள், மனநலம் என்றால் மட்டும் 'நல்ல டாக்டரா பாருங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் தம்பிக்கு மனச்சிதைவு. காப்பீடு மறுக்கப்பட்டு மனுவோடு போனபோது, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது என்பதை நான்தான் எங்கள் உறுப்பினருக்கு விளக்க வேண்டியிருந்தது. பாவம், மனுவின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டார். தற்கொலைக்கு முயன்றவரை, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு. இது எத்தனை உறுப்பினர்களுக்குத் தெரியும்? கூட்டத்தொடருக்கு முன் ஒரு நாள் மனநல மருத்துவர்களும், முக்கியமாக எங்களைப் போன்ற குடும்பத்தினரும் வகுப்பு எடுக்கிறோம், அப்புறம் மானியக் கோரிக்கையில் பேசட்டும்.