பெர்கமோவுக்கும் கதவு திறந்திருக்கட்டும்

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து கிளப்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். 2021 ஏப்ரலில் உங்களில் பன்னிரண்டு கிளப்கள் சேர்ந்து, தங்களுக்கு நிரந்தர இடம் தரும் சூப்பர் லீக் என்ற தனிப் போட்டியை அறிவித்தன. இரண்டே நாளில் ஆங்கிலக் கிளப்கள் ஆறும் விலகின. ஆனாலும் பெரிய கிளப்களுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்ற எண்ணம் வேறு வேறு வடிவத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இத்தாலியின் பெர்கமோ நகரத்துக் கிளப்பான அட்டலாண்டாவின் 2023-24 சீசனை உங்களுக்கு நினைவூட்ட நினைக்கிறேன்.

2020 மார்ச்சில், இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புடைய அப்போதைய தலைவர் ஆந்த்ரேயா அன்யெல்லி இந்தக் கிளப்பைப் பெயர் சொல்லியே கேட்டார்: சர்வதேச வரலாறு இல்லாத அணி, ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குள் நேரடியாக வருவது சரியா? அந்த ஆண்டு அட்டலாண்டா காலிறுதி வரை போனது. வரலாறே இல்லை என்பதும் சரியில்லை. 1988இல் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே கப் வின்னர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதிக்குப் போன அணி இது.

சரி, 2023-24 சீசனுக்கு வருவோம். பெர்கமோ ஒன்றேகால் லட்சம் பேர்கூட இல்லாத ஊர். பயிற்சியாளர் காஸ்பெரினிக்கு 66 வயது, அதுவரை கையில் ஒரு பெரிய கோப்பையும் இல்லை. முந்தைய கோடையில்தான் முன்கள வீரர் ஹொய்லுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றிருந்தார்கள். அணியில் இருந்தவர்களைப் பாருங்கள். டி கெடலாரே மிலானில் ஒரு சீசன் தடுமாறிவிட்டு இரவலாக வந்தவர். லுக்மேன் ஜெர்மனியின் லைப்சிக் கிளப்பிலிருந்து ஃபுல்ஹாம், லெஸ்டர் என்று இரவலாகவே சுற்றியவர். உங்கள் கணக்கில் தேறாமல் போனவர்களுக்கு இங்கே ஒரு வேலை கிடைத்தது, அதைச் செய்து காட்டினார்கள்.

ஜனவரியில் இத்தாலியின் உள்நாட்டுக் கோப்பையான கோப்பா இத்தாலியா காலிறுதியில் மிலானை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என வென்றார்கள். ஏப்ரல் 11 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. ஓராண்டுக்கும் மேலாகச் சொந்த மைதானத்தில் தோற்காத லிவர்பூலை 3-0 என வீழ்த்தினார்கள். ஸ்கமாக்கா இரண்டு, பசாலிச் ஒன்று. மிலானும் லிவர்பூலும் அந்தப் பன்னிரண்டில் இருந்தவை. சூப்பர் லீக் நடந்திருந்தால் லிவர்பூலோடு மோத அட்டலாண்டாவுக்கு இருந்த வழி மிகவும் குறுகியிருக்கும்.

மே 15 அன்று ரோமில் கோப்பா இத்தாலியா இறுதிப் போட்டி. நான்காவது நிமிடத்தில் விளாஹோவிச் அடித்த கோலில் யுவென்டஸ் வென்றது. கேப்டன் டி ரூன் காயத்தோடு வெளியேறினார். யுவென்டஸ் அதை மைதானத்தில் வென்றது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் கேட்பதும் அந்த வழியைத்தான்.

ஒரு வாரம் கழித்து டப்ளினில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதி. எதிரே 51 போட்டிகளாகத் தோல்வியே காணாத ஜெர்மனியின் லெவர்குசன். லுக்மேன் 12, 26, 75ஆம் நிமிடங்களில் கோல் போட்டார். 3-0. இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மூன்றாவது கோலுக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன், வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். 1963க்குப் பிறகு பெர்கமோவுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. 2020 வசந்தத்தில் கொரோனா அந்த ஊரை என்ன செய்தது, ராணுவ லாரிகள் எப்படிச் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயின என்பதை நினைத்தபோது கண் கலங்கியது. அந்த லாரிகளைப் பார்த்த ஊர்தான் கோப்பையோடு வந்தவர்களை வரவேற்றது.

அட்டலாண்டா ஏழைக் கிளப் என்று நான் சொல்லவில்லை. 2022இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் அதில் பெரும் பங்கை வாங்கினார்கள். ஆனால் அந்தப் பணத்தால் நிரந்தர இடம் கிடைத்துவிடவில்லை. 2023-24 சீசனில் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவில் நான்காவதாக வந்துதான் சாம்பியன்ஸ் லீக் இடத்தையும் பெற்றார்கள்.

ஐந்தாண்டு ஐரோப்பியப் போட்டிப் புள்ளிகளை வைத்துப் பெரிய கிளப்களுக்குச் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு இடம் ஒதுக்கும் திட்டத்தை 2022இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ கைவிட்டது. அதை எந்தப் பெயரிலும் மறுபடி கேட்காதீர்கள். அவ்வளவுதான் என் வேண்டுகோள். பெர்கமோவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அட்டலாண்டா கிளப் ஒரு குட்டி ஜெர்சி கொடுக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, நம்ம அணி இந்த வருஷம் ஆன்ஃபீல்டுக்குப் போகுமா என்று அப்பாவிடம் கேட்டால், ஜெயித்தால் போகும் என்று அவர் சொல்ல முடிய வேண்டும்.

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்