எஃப்.டி.க்கு ஒரு பூட்டு கொடுங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் பகுதி ஓய்வூதியர்களுக்கு வங்கிப் படிவங்களை நிரப்பித் தருவது, மொபைல் செயலியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பது என்று என் ஓய்வுக்காலம் போகிறது. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் என்று கைக்கு வந்ததை மொத்தமாக எஃப்.டி.யில் போட்டுவிட்டு வட்டியில் வாழ்கிறவர்கள் இவர்கள். செயலியைத் திறந்து மொத்தத் தொகையையும் பார்த்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், இவ்வளவு பணம் போன்லயே தெரியுதே, பயமில்லையா?"

வங்கியின் கணினிக்குள் யாராவது புகுந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பின்னோடு ஓடிபியும் கேட்கும், நீங்கள் கட்டாயமாக்கிய இரண்டடுக்குச் சரிபார்ப்பு எத்தனையோ திருட்டுகளைத் தடுத்திருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது 'பேங்க்.இன்' என்று முடிவதும் நல்ல ஏற்பாடு. பணம் போகிற வழி வேறாக இருக்கிறது. உடையவரையே ஏமாற்றுகிறார்கள், இல்லையென்றால் மிரட்டி அவர் கையாலேயே அனுப்ப வைக்கிறார்கள்.

நவம்பர் பிறந்தால் "வாழ்நாள் சான்று புதுப்பிக்கவில்லை, பென்ஷன் நின்றுவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வரும். அதை நிறுவி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், வரும் எஸ்எம்எஸ் எல்லாம் எங்கோ இருக்கும் இன்னொருவனுக்கும் போய்விடும். செயலி, சிம், ஓடிபி மூன்றும் ஒரே போனுக்குள் இருக்கும்போது இரண்டடுக்கு எங்கே இருக்கிறது?

போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் இன்னும் கொடுமை. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியிடம் போலி நீதிமன்ற ஆணையைக் காட்டி 1 கோடி ரூபாய்க்கு மேல் பறித்தார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. டிசம்பரில் இத்தகைய வழக்குகளின் விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது. அப்படியொரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று பிரதமர் 2024-லேயே வானொலியில் சொன்னார். இருந்தும், எதிரே காக்கிச் சட்டை தெரிய, வீடியோ அழைப்பைத் துண்டிக்க விடாமல் மணிக்கணக்கில் மிரட்டப்படும் எழுபது வயதுக்காரருக்கு அது எப்படி நினைவுக்கு வரும்?

மிரட்டுகிறவன் கேட்கும் பெருந்தொகை சேமிப்புக் கணக்கில் இருக்காது. எஃப்.டி.யில்தான் இருக்கும். அதை உடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தயவுசெய்து நீங்களே ஒருமுறை பாருங்கள். செயலியில் டெபாசிட்டைத் தொட்டால் 'முன்கூட்டியே முடி' என்று வருகிறது. குறையும் வட்டியைக் காட்டுகிறது. ஒரு பின், ஒரு ஓடிபி, அவ்வளவுதான். இரவு பதினொரு மணியானாலும் சில நிமிடங்களில் பணம் சேமிப்புக் கணக்கில் விழுந்துவிடுகிறது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் வழிகளான நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் இரவு பகலாக ஓடுவதால் அங்கிருந்து வெளியே போகவும் தடையில்லை.

முன்பெல்லாம் ரசீதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகவேண்டும். பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போடவேண்டும். கவுன்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா உடைக்கிறீங்க, டெபாசிட் மேலேயே லோன் போட்டுத் தரவா?" என்று கேட்பார். வட்டி நட்டமாகக் கூடாதே என்று கேட்ட கேள்விதான். ஆனால் மிரட்டலில் இருப்பவருக்கு அந்தக் கேள்விதான் உயிர். வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்ல ஒரு மனிதர் எதிரே இருப்பார். செயலி யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

பணம் போனபின் சட்டம் எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளரின் மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு நட்டமில்லை. அருமையான விதி. ஆனால் ஓடிபியைச் சொல்லிவிட்டால் அது அவர் கவனக்குறைவு. புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் தலையில். மிரட்டலுக்குப் பயந்து தானே அனுப்பியிருந்தால், 'அனுமதியற்ற பரிவர்த்தனை' என்ற வரையறைக்குள்ளேயே அது வருவதில்லை என்கின்றன வங்கிகள். டெபாசிட் காப்பீடு 5 லட்சம் இருக்கிறதே என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது வங்கி மூழ்கினால் கிடைப்பது, திருட்டுக்குக் கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் நான் விளக்கவேண்டியிருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைத்தால் கொஞ்சம் மீளும். ஆனால் மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த பிறர் கணக்குகளில் பணம் சிதறும் வேகத்துக்கு முதியவர் ஓட முடியுமா?

அதனால் கேட்கிறேன். தனிநபர் எஃப்.டி. ஒவ்வொன்றுக்கும் 'ஆன்லைனில் உடைக்க முடியாது' என்ற பூட்டை வாடிக்கையாளர் விரும்பினால் போட்டுக்கொள்ளும் வசதியை எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்குங்கள். போடுவது செயலியிலேயே நடக்கட்டும். திறப்பது கிளையில், நேரில் மட்டும். அந்த டெபாசிட் மேல் ஆன்லைனில் கடன் எடுப்பதும் அதோடு அடைபடவேண்டும், இல்லாவிட்டால் பின்வாசல் திறந்தே கிடக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. 2020 ஜனவரி சுற்றறிக்கையில், ஏடிஎம் கார்டை ஆன்லைன் வணிகத்துக்குத் திறக்கவும் மூடவும் வாடிக்கையாளர் கையில் சுவிட்ச் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான். சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் கார்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாழ்நாள் சேமிப்புக்குக் கிடைக்கக் கூடாதா? சிங்கப்பூரில் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகள் மூன்றும் 2023 நவம்பரிலேயே இத்தகைய பூட்டைக் கொண்டுவந்துவிட்டன. இங்கும் ஓரிரு வங்கிகள் இப்போது தாமாகத் தரத் தொடங்கியிருக்கின்றன. எந்த வங்கியில் கணக்கு என்பதைப் பொறுத்து ஒருவரின் பாதுகாப்பு மாறுவது நியாயமில்லை.

நடமாட முடியாதவர் எப்படிக் கிளைக்கு வருவார் என்று வங்கிகள் கேட்கும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யவேண்டும் என்று 2017 நவம்பரில் நீங்களே உத்தரவிட்டிருக்கிறீர்கள். அதை ஒழுங்காக நடத்தினால் போதும். அவசர மருத்துவச் செலவுக்கு என்ன செய்வது என்பது உண்மையான கவலை. அதற்கு ஒரு சிறிய எஃப்.டி.யைப் பூட்டாமல் விட்டுக்கொள்ளலாம். எது எவ்வளவு என்பதை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

இந்தப் பூட்டு வந்தால், அது செயலியின் ஏழாவது மெனுவுக்குள் ஒளிந்துகிடக்கக் கூடாது. நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் கிளைக்கு வருகிறார்கள். அந்த வரிசையில், தமிழில் அச்சிட்ட ஒரு பக்கப் படிவமாக அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நிரப்பித் தர எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வூதியர் ஒருவர்,
கும்பகோணம்.