ஆந்தை கடித்த மிட்டாய்

அன்பு நண்பா,

அம்மா மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பரீட்சை முடிந்தது.

போன வாரம் அவள் ஒரு பழைய விளம்பரத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் 1970 வாக்கில் வந்த டூட்ஸி பாப் விளம்பரம். குச்சி மிட்டாய்க்கு நடுவே இருக்கும் சாக்லேட்டை எட்ட எத்தனை தடவை நக்க வேண்டும் என்று ஒரு பையன் விலங்குகளிடம் கேட்டுக்கொண்டே போகிறான். கடைசியில் ஆந்தை மிட்டாயை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு நறுக்கென்று கடித்துவிடுகிறது. அப்புறம், பதில் 'மூன்று' என்கிறது! எனக்கு உடனே உன் முகம்தான் வந்தது.

நமக்கு மெலடி மிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? மெலடி ஏன் இவ்வளவு சாக்லேட்டியாக இருக்கிறது என்று விளம்பரத்தில் கேட்பார்கள். சாப்பிட்டு நீயே தெரிந்துகொள் என்பதுதான் பதில். பார்லே அந்த மிட்டாயைக் கொண்டுவந்தது 1983இல். நாம் அந்தக் கேள்வியை எவ்வளவு நம்பினோம்! மேலே இருக்கும் காரமெல் தானாகக் கரைந்து உள்ளே சாக்லேட் வரும்வரை கடிக்கக் கூடாது என்று பந்தயம் கட்டுவோம். விளம்பர இடைவேளை முடிவதற்குள் உன் தாடை அசைந்துவிடும். நான் கண்ணை மூடிக் காத்திருப்பேன். அந்தச் சாக்லேட் நாக்கில் இறங்கும் நொடி இன்னும் நினைவிருக்கிறது.

கேட்பரியின் கிரிக்கெட் விளம்பரமும் பிடிக்கும். 99இல் நிற்பவர் சிக்ஸர் அடித்ததும் அந்தப் பெண் மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடிவருவாளே, அதுதான். 2021இல் அதையே மாற்றி, பெண் அடிக்க ஆண் ஆடி வருவதாக எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் அது பெரியவர்களையும் சாக்லேட் சாப்பிட வைக்க எடுத்தது. மெலடி நம்மிடம் நேராகக் கேட்டது. பதிலைத் தராமல் விட்டதால்தான் நாம் இருவரும் சேர்ந்து தேடினோம் என்று இப்போது தோன்றுகிறது.

டூட்ஸி பாப் கேள்வியையும் சிலர் விடவில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர்கள் நக்குவதற்கென்றே ஒரு இயந்திரம் செய்து பார்த்தார்களாம், சராசரி 364 தடவை. மிச்சிகனில் செய்த இயந்திரத்துக்கு 411.

சரி, டிசம்பரில் வருகிறாய்தானே? ஒரு பை மெலடி வாங்கி வைக்கிறேன். இந்தத் தடவை கடிக்காமல் இரு. நேரம் குறிக்க மகள் தயாராக இருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்