படக் கடவுச்சொல் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்தோ, முகங்களைத் தேர்ந்தெடுத்தோ, புகைப்படத்தைத் தொட்டோ பூட்டைத் திறப்பதுதான் படக் கடவுச்சொல். எழுத்தாலான கடவுச்சொல் மறந்துவிடும், படம் மறக்காது, அதனால் படமே பாதுகாப்பு என்கிறீர்கள். மறக்காது என்பது சரி. அதனாலேயே பாதுகாப்பு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆண்ட்ராய்டின் ஒன்பது புள்ளிப் பூட்டில் 3,89,112 வடிவங்கள் போடலாம். அத்தனையையுமா மக்கள் போடுகிறார்கள்? பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில், அதிலும் மேல் இடது மூலையில் தொடங்கி, கைக்கு வந்த ஆங்கில எழுத்து ஒன்றை இழுத்துவிடுகிறார்கள். போதாததற்கு விரல் போன தடமும் திரையில் பிசுக்காகத் தங்கிவிடுகிறது. வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்துப் படமெடுத்தால் அது தெரியும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள்.

முகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் மோசம். ஒன்பது முகங்களில் ஒன்று, இப்படி நான்கு சுற்று என்றால் மொத்தமே 6,561 வாய்ப்புகள்தான். நான்கு இலக்க ரகசிய எண்ணுக்கே (PIN) 10,000 உண்டு! அந்த 6,561-ம் முழுதாகக் கிடைப்பதில்லை. டேவிஸ், மன்ரோஸ், ரைட்டர் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பயனர்கள் அழகான முகங்களையும் தங்கள் இனத்தவர் முகங்களையுமே அதிகம் தேர்ந்தெடுத்தது தெரிந்தது. ஆண்கள் தேர்ந்தெடுத்தவற்றில் பத்தில் ஒரு பங்கை இரண்டே ஊகத்தில் கண்டுபிடித்துவிடலாமாம்.

சொந்தப் புகைப்படத்தில் சில இடங்களைத் தொடுவதையே கடவுச்சொல்லாக வைக்கச் சொன்னாலும் விரல் முதலில் போவது கண்ணுக்குத்தான். அந்தப் படத்தையே பூட்டுத் திரையில் எல்லோருக்கும் காட்டியும் வைக்கிறீர்கள். விண்டோஸ் 8-இல் ஐந்து முறை தவறினால் எழுத்துக் கடவுச்சொல்தான் கேட்கும். அந்த அளவு கண்டிப்பாவது எல்லாச் செயலியிலும் வேண்டும்.

அதைவிட முக்கியம், தேர்வை முழுக்கப் பயனர் கையில் விடாமல் இருப்பது. படத்தின் ஏதோ ஒரு சிறு பகுதியைக் கணினியே காட்டி, 'இதற்குள் ஓர் இடத்தைத் தொடுங்கள்' என்று கேட்கும் முறை ஏற்கனவே இருக்கிறது. பிடிக்காவிட்டால் வேறு பகுதி கேட்கலாம். ஆனால் அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்பதால் பலர் வந்ததையே எடுத்துக்கொள்வார்கள். தொடும் இடங்களும் படம் முழுக்கப் பரவிவிடும். ஒன்பது புள்ளிப் பூட்டில் இழுக்கும் கோடு திரையில் தெரியாமல் மறைக்கும் வசதியையும் அமைப்புகளுக்குள் புதைக்காமல் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம், எத்தனை லட்சம் வடிவங்கள் சாத்தியம் என்று இனி விளம்பரம் செய்யாதீர்கள். தன்னார்வலர்களை வைத்துச் சோதித்து, அதிகம் வந்த இருபது வடிவங்களை மட்டும் முயன்றால் நூற்றில் எத்தனை பூட்டு திறக்கும் என்பதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் திரையில் கோடு இழுக்கும் ஒரு பயனர்