கேட் பாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே, பெரியவர்களே,

டோக்கியோவில் இருக்கும் எங்கள் நாலு பேர் இசைக்குழுவின் சிங்கிள் வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரே பாட்டு, மூன்று நிமிடம் நாற்பது விநாடி. 200 சிடி போட்டோம், இப்போது என் வீட்டு அலமாரியில் 31 இருக்கிறது. சிடியோடு வைத்த காகிதத்தில் எல்லோருக்கும் ஜப்பானிய மொழியில் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆனால் உள்ளங்கை அகலக் காகிதம் அது, ஆளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று விவரமாக எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அதனால் என் மொழியில் எழுதுகிறேன். இதில் வருகிற பலருக்குத் தமிழ் தெரியாது. நான் வரி வரியாகப் பொருள் சொல்ல, எங்கள் பாடகி அதை அவர்களிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டோக்கியோவுக்கு நான் வந்தது மென்பொருள் வேலைக்கு. ஆனால் சென்னையில் கல்லூரியில் படிக்கும்போதே ஓர் அனிமே தொடரின் முகப்புப் பாட்டு வழியாக ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழு காதில் விழுந்துவிட்டது. யோகோஹாமாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 1996-இல் தொடங்கிய குழு. இரண்டு கிட்டாரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓட, நடுவில் ஒருவர் நெஞ்சைத் திறந்து கத்திப் பாடுவார். ஒரு வார்த்தை புரியாமலே அதை நூறு தடவை கேட்டிருப்பேன். அந்த மாதிரி ஒரு குழுவில் ஒரு நாள் பேஸ் கிட்டார் வாசிப்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பாட்டுக்கு ஒரு பெயர் உண்டு என்றாலும் எங்களுக்குள் அது 'கேட் பாட்டு' தான். எங்கள் பாடகி பிறந்து வளர்ந்தது ஷிமோகிடசாவாவில். ஷெல்டர், கிளப் க்யூ என்று 1990-களிலிருந்து இசைக்குழுக்கள் மேடையேறி வாசிக்கும் சின்னச் சின்ன லைவ் ஹவுஸ்கள் நிறைந்த பேட்டை அது. ஒடாக்யூ ரயில் அங்கே தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அலுவலக நேரத்தில் கேட் மூடினால் லேசில் திறக்காது, 'திறக்காத கேட்' என்றே ஊரில் பெயர். 2013 மார்ச் 22 இரவு கடைசி ரயில் போனது. மறுநாள் காலை முதல் ரயில் பூமிக்கு அடியில் ஓடியது. ஒரே ராத்திரியில் பாதையை மாற்றிவிட்டார்கள். அன்று பாடகிக்குப் பதினான்கு வயது. கேட்டின் கடைசி மணியைக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தவரை, மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய அவருடைய அம்மா, நள்ளிரவில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அம்மா, நீங்கள் அன்று "பேசாமல் தூங்கு" என்று சொல்லியிருந்தால் இந்தப் பாட்டே இல்லை. முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அப்புறம் ஒத்திகை ஸ்டூடியோவில் இரவு முறைக்கு உட்காரும் தம்பிக்கு. இங்கே ஸ்டூடியோக்களில் நள்ளிரவிலிருந்து விடிகிற வரைக்கும் மொத்தமாக வாடகைக்கு விடுவார்கள், பகலைவிட நல்ல மலிவு. எங்கள் டிரம்மர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார், பாடகி பேக்கரியில். நாலு பேருக்கும் ஒத்துவரும் நேரம் அதுதான். நாங்கள் ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனோம். ஒவ்வொரு வாரமும் அதே அறையை, அதே ஜேசி-120 ஆம்ப்பை, அதாவது கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியை, எங்களுக்காக எடுத்து வைத்தார் அந்தத் தம்பி. ரோலண்ட் கம்பெனியின் அந்த ஆம்ப் ஜப்பானில் எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குரல் உண்டு. எங்கள் கிட்டாரிஸ்டுக்கு அந்தப் பெட்டியின் குரல் பிடித்துப்போனது, அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார். தம்பி மறக்கவே இல்லை.

ஒலிப்பதிவு எஞ்சினியருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பாட்டு ஜி சுருதியில் அமைந்தது. பேஸில் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டை, 49 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 49 அதிர்வு. ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்து முடித்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். எஞ்சினியர் மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல், நீளமாக நிற்கும் என் கடைசி ஜி-யைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். என்னைக் கூப்பிட்டு என் காதில் மாட்டினார். நோட்டு அப்படியே நிற்கவில்லை, விநாடிக்கு ஒரு தடவை பெருத்து, மெலிந்து, மறுபடி பெருத்தது. டோக்கியோ மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் என் பேஸின் பிக்கப், அந்த மின்சார இரைச்சலையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. 49-ம் 50-ம் உரசினால் விநாடிக்கு ஓர் அலை. எங்கள் கிட்டாரிஸ்ட் ஒசாகாக்காரர். "எங்கள் ஊராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை" என்றார். அங்கே 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோவில் ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகாவில் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டார்கள், அதிலிருந்து இன்றுவரை நாடு இரண்டாகவே இருக்கிறது. சென்னையிலும் 50 தான். அந்த இரைச்சல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வீட்டு ரேடியோவில், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. அதனால்தானோ என்னவோ, என் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கவில்லை.

மென்பொருளில் அந்த இரைச்சலைச் சீவிவிடலாம். ஆனால் ஜி-யின் அடிவயிறும் சேர்ந்து போய்விடும் என்றார் எஞ்சினியர். என் பேஸில் இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம் குமிழ். அதில் ஒன்றை நான் பாதியில் வைத்திருந்தேன். அவர் குனிந்து இரண்டையும் முழுசாகத் திருகினார். இரைச்சல் சட்டென்று அடங்கியது. ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது எதிர்த்திசையில் ஏற்றி அடித்துவிடுமாம். சரி, மறுபடி முதலிலிருந்து வாசிப்போம் என்றார். வாசித்தோம். விடியற்காலை நாலரை வரை போனது. கூடுதலாக ஆன இரண்டு மணி நேரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. பாடகி கேட்டதற்கு, "என் காதுக்காகச் செய்தது" என்றார். ஐயா, அன்று நீங்கள் என்னைத் திட்டவில்லை. அது என் தவறு என்று மற்றவர்களிடம் சொல்லவும் இல்லை.

பாடகிக்கும் இங்கே சொல்ல வேண்டும். பல்லவியில் 'கிதெ' என்று ஒரு சொல் வரும். 'வா' என்று பொருள். கீழ்க்குரலில் நானும் கூடவே பாட வேண்டும். நான் பாடியதைக் கேட்டதும் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நான் 'கித்தெ' என்று பாடியிருக்கிறேன். அதற்கு 'வெட்டு' என்று பொருள். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை வா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் காரணம் நம் தமிழில்தான் இருக்கிறது. சொல்லின் நடுவில் தனியாக வரும் தகரத்தை நாம் மென்மையாகச் சொல்வோம், அழுத்தமாகச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒற்று வந்தாக வேண்டும். ஜப்பானிய மொழியில் தனித் தகரமே அழுத்தமாக வரும். ஒற்று வந்தால் அதற்குத் தனியாக ஒரு முழுத் தாளம் கொடுத்துக் காத்திருப்பார்கள். நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு ஒன்று. அந்த அரை மாத்திரை வித்தியாசத்தை என் வாய்க்குப் பழக்க, பாடகி ஒரு மாதம் பேக்கரி வேலை முடிந்து வந்து, ரயில் நிலைய வாசலில் நின்றபடி, விரலால் தொடையில் தட்டித் தட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் வெளிநாட்டுக்காரன், உச்சரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடவே இல்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது.

பாட்டின் தொடக்கத்தில் வரும் மணிச் சத்தம் உண்மையான கேட்டில் எடுத்தது. ஷிமோகிடசாவாவில் இனி அது கிடைக்காது. கேயோ ரயில் பாதையில் போய் எடுத்தோம். அங்கேயும் சசாசுகாவிலிருந்து சென்கவா வரை பாதையை மேலே தூக்கும் வேலை நடக்கிறது, முடியும்போது 25 கேட்டுகள் இல்லாமல் போகும். அதிகாலை முதல் ரயிலுக்கு முன்னால் போய் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றோம். கேட் பக்கத்தில் ஒரு காய்கனிக் கடை. சந்தையிலிருந்து வந்த பெட்டிகளை ஓர் அம்மா இறக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னோம். கடை வாசலில் இருந்த குளிர்பெட்டியின் மோட்டார் சத்தம் பதிவில் விழுந்துகொண்டே இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். இரண்டு ரயில் போகும் வரைக்கும் அப்படியே நின்றார். உள்ளே இருந்த ஸ்ட்ராபெரிப் பெட்டிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதிவான பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்தவரை நான் நேரில் பார்த்ததில்லை. மணி நின்றதும் பாடகி மூச்சு இழுக்கும் சத்தம் ஒன்று இருக்கிறது. "இதை எடுத்துவிடவா, வைக்கவா?" என்று கேட்க மட்டும் ஒரு மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். வைத்துக்கொண்டோம். கேட்டதற்கு நன்றி.

சிடி உறையில் ஒரு சோதனை வந்தது. அச்சடித்து வந்த 200 உறையிலும் மடிப்பு தவறான இடத்தில் விழுந்து, பாட்டு வரிகளின் முதல் எழுத்துகள் முதுகுப்பக்கம் போய்விட்டன. எந்த அச்சகம் என்று சொல்லப்போவதில்லை. வெளியீட்டுக்கு ஆறு நாள்தான் இருந்தது. ரைஸோ என்ற அச்சு இயந்திரம் வைத்திருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துவிட்டார்கள். நீலமும் சிவப்பும், இரண்டே நிறம். ரைஸோ மை சட்டென்று காயாது. ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, காய விட்டு, மடித்தோம். எங்கள் எட்டுக் கைகளோடு பட்டறைத் தம்பதியின் நாலு கைகளும் சேர்ந்தன. உங்கள் சிடி உறையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தால் அது எங்களில் ஒருவருடையது. பட்டறை அக்கா, அன்று மதியம் நீங்கள் உருட்டிக் கொடுத்த உப்புச் சோற்று உருண்டையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வெளியீட்டு நிகழ்ச்சிக்கு லைவ் ஹவுஸில் வழக்கம்போல டிக்கெட் கணக்கு உண்டு. 2,400 யென் டிக்கெட் இருபது விற்றுத் தர வேண்டும், குறைந்தால் கைக்காசு. இரண்டு நாள் முன்னால் வரை பதினாலுதான் விற்றிருந்தது. நிஷி-கசாயில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் தஞ்சாவூர் அக்கா விஷயம் கேள்விப்பட்டு ஆறையும் வாங்கி, குடும்பத்தோடும் தோழிகளோடும் வந்தார். வாசலில் எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள், அதை வைத்துத்தான் கணக்கு. அக்காவுக்குக் குழுவின் பெயர் வாயில் வரவில்லை, என் பெயரைச் சொன்னார். வாசலில் இருந்தவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அக்கா, அவ்வளவு சத்தத்தில் கடைசி வரை முன் வரிசையில் நின்றீர்களே! ஒத்திகையில் எங்கள் டிரம்மரின் பெடல் ஸ்ப்ரிங் அறுந்ததும், கேட்காமலே தன் பெடலைக் கழற்றி நீட்டிய முதல் குழுவின் டிரம்மருக்கும் அன்பு.

பாட்டை வாங்கி வைத்த இசைத்தட்டுக் கடைத் தம்பிக்கும் நன்றி. சிடிக்கு மேலே கையால் எழுதி ஒரு சின்ன அட்டை வைத்திருந்தார். "முதல் பதினோரு விநாடி கேளுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்." அவ்வளவுதான். அங்கே மட்டும் 58 போயிருக்கிறது.

போன ஞாயிறு காய்கனிக் கடை அம்மாவுக்குச் சிடி கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரிடம் சிடி போடும் கருவி இல்லை. டிரம்மர் தன் ஃபோனில் போட்டு அவர் காதருகே பிடித்தார். பாட்டு தொடங்குகிற அதே நேரம் பார்த்து எதிரே கேட்டும் மூடத் தொடங்கியது. எது பாட்டில் உள்ள மணி, எது தெருவில் உள்ள மணி என்று அவருக்குப் பிடிபடவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். ரயில் போய், கேட் திறந்து, சைக்கிள்கள் எல்லாம் கடந்த பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டோம். மூச்சு இழுக்கும் இடம் வந்ததும் அவரும் மூச்சை இழுத்தார்.

மிக்க நன்றி, அம்மா. மிக்க நன்றி, எல்லோருக்கும்.

அன்புடன்,
பேஸ் வாசிப்பவன்